விழுந்த பிறகு மறுபடி மோட்டார் ஓட்ட

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு மோட்டார் சைக்கிள் இல்லாமல் எந்த வேலையும் ஓடாது. ஒருமுறை சறுக்கி விழுந்துவிட்டால் போதும், அப்புறம் பெரிய ரோட்டைக் கண்டாலே கைகால் உதறும். லாரிச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். அது உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரப்பதால் வருவது. கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

பலர் இந்த இடத்தில்தான் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். திருப்பியதும் நிம்மதிதான். ஆனால் ‘திரும்பியதால்தான் தப்பித்தோம்’ என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமே வந்து நிற்கும்.

அதனால் சின்னதாகத் தொடங்குங்கள். முதலில் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதை போதும். அது பழகியதும் பெரிய ரோட்டு முனை வரை போய், வண்டியை ஓரமாக நிறுத்தி, லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். படபடப்பு இறங்கிய பிறகே வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அதுதான் முக்கியம். அடுத்து, ஞாயிறு காலையில் பெட்ரோல் நிலையம் வரை.

“பயப்படாதே, பயப்படாதே” என்று பின்னால் உட்கார்ந்து நச்சரிப்பவரை மட்டும் ஏற்றாதீர்கள்.

ஒரு மாதம் கடந்தும் தூக்கம் கெட்டு, விழுந்த காட்சியே கண்முன் வந்தால் அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.