கத்துருமுருங்கா முருங்கை அல்ல

அம்பாறைச் சந்தையில் ஒரு கீரைக் கட்டின் முன்னால் சிங்களத்தில் 'கத்துருமுருங்கா' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற கல்முனைக்காரர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "முருங்கையில் ஏதோ புது இனம் போல" என்றார். கட்டை எடுத்துப் பார்த்தேன். நீண்ட காம்பின் இரு பக்கமும் சீராக அடுக்கிய நீள்வட்ட இலைகள். நடுவே பிறை போல் வளைந்த வெள்ளை மொட்டு ஒன்று. அசல் அகத்தி! செஸ்பேனியா கிராண்டிஃப்ளோரா என்பது அதன் அறிவியல் பெயர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. முருங்கையோ மொரிங்கா ஒலிஃபெரா. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காதில் விழும் சொல்லை நம்பிச் செடியைத் தீர்மானிப்பதுதான் மூன்று மொழி புழங்கும் நம் பகுதியில் நடக்கும் முதல் தவறு.

'பேர' என்ற சிங்களப் பெயரைப் 'பேரிக்காய்' என்று தமிழாக்குவதும் இதே கதைதான். அது கொய்யா. போர்த்துக்கீசர் பேரிக்காய்க்குச் சொன்ன சொல் சிங்களத்தில் கொய்யாவுக்குப் போய்விட்டது.

தமிழுக்குள்ளேயே வழுக்கும் இடங்களும் உண்டு. தமிழ்நாட்டுச் சமையல் குறிப்பில் 'முந்திரி' என்றால் நமது மரமுந்திரிகை, அதாவது கஜு, அனாகார்டியம் ஆக்ஸிடென்டேல். நமக்கு 'முந்திரிகை' என்றால் திராட்சை. குறிப்பில் முந்திரியை அரைத்துக் குழம்பில் விடச் சொல்லியிருந்ததைப் பார்த்து, என் மாமி ஒருமுறை முந்திரிகை வற்றலை அரைத்து ஊற்றிவிட்டார். குழம்பு இனித்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

இனி அறிவியல் பெயர். அது இரண்டு சொல். பாதியை மட்டும் எழுதினால் பயனில்லை. 'சொலானம்' என்று நிறுத்தினால் கத்தரி, உருளைக்கிழங்கு, தூதுவளை எல்லாம் அதற்குள் வந்துவிடும். வற்றாளை ஐபோமியா படாட்டாஸ்; கங்குன் ஐபோமியா அக்வாட்டிகா. முதற்சொல் ஒன்றே, ஆனால் ஒன்றில் கிழங்கு, மற்றதில் கீரை. பழைய புத்தகத்தில் வேறு பெயர் கண்டால் வேறு செடி என்றும் முடிவு கட்ட வேண்டாம். லைகோபெர்சிகான் எஸ்குலென்டம் என்றிருந்த தக்காளியை இப்போது சொலானம் லைகோபெர்சிகம் என்கிறார்கள்.

கடைச் சரக்கில் கவனிக்க வேண்டியது 'பிராமி'. வட இந்தியாவில் வல்லாரையையும் அப்படி அழைக்கிறார்கள், நீர்ப்பிரமியையும் அப்படியே அழைக்கிறார்கள். பொதியில் சென்டெல்லா ஏசியாட்டிகா என்றிருந்தால் வல்லாரை, சிங்களத்தில் கொட்டுகொல. பாக்கோப்பா மொன்னியேரி என்றிருந்தால் நீர்ப்பிரமி.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறுகள். கார்த்திகைப்பூச் செடியில் மட்டும் விளையாட்டு இல்லை. அதன் கிழங்குக்குக் 'கலப்பைக் கிழங்கு' என்றொரு பெயர். கிழங்கு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அடுப்பு நினைவுக்கு வரும். சிங்களத்தில் நியங்கலா, அறிவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. அதில் இருப்பது கொல்சிசின் என்ற நஞ்சு. வற்றாளை என்று நினைத்துத் தின்று உயிரிழந்த சம்பவங்கள் இலங்கை மருத்துவப் பதிவுகளில் உள்ளன. மண் ஒட்டிய கிழங்கை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. கொடியைப் பார்க்க வேண்டும். இலையின் நுனி நீண்டு சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொண்டிருந்தால் அது கார்த்திகை. கொடியைக் காட்டாதவரிடம் நான் காட்டுக் கிழங்கு வாங்குவதில்லை.