ரெக்கார்டரில் விரல் வைப்பது: பி-யில் தொடங்கிக் கீழே இறங்குவோம்

ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் 'கீச்' என்று கத்தினால் எல்லாரும் மூச்சைத்தான் குறை சொல்வார்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி விரல்தான். ஏதோ ஒரு துளை மயிரிழை அளவு திறந்திருக்கும். நான் சொல்லப்போவது பலரும் முதலில் வாங்கும் சோப்ரானோ ரெக்கார்டருக்கு. பி, ஏ, ஜி என்று வருபவை மேற்கத்திய ஸ்வரங்களின் பெயர்கள்.

1. பிடி: இடது கை மேலே, வலது கை கீழே. இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதேதான். பின்பக்கத் துளை இடது கட்டைவிரலுக்கு. அதை 0 என்போம். முன்பக்கம் மேலிருந்து 1, 2, 3 துளைகளுக்கு இடது ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். 4 முதல் 7 வரை வலது கையின் நான்கு விரல்கள். இடது சுண்டுவிரலுக்கு வேலையில்லை. வலது கட்டைவிரல் பின்னால் இருந்து குழலைத் தாங்கும்.

விரல் நுனியால் மூடாதீர்கள், நுனிக்குக் கீழே உள்ள சதையால் மூடுங்கள். லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். துளையின் வட்டம் முழுதாகப் பதிந்திருந்தால் சரி, பிறைபோல் இருந்தால் விரலை நகர்த்துங்கள்.

2. பி, ஏ, ஜி: 0, 1 மூடினால் பி. 'து' என்று நாக்கால் தொடங்கி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் மெல்ல ஊதுங்கள். 2-ஐயும் மூடினால் ஏ, 3-ஐயும் சேர்த்தால் ஜி. மோதிர விரல் சோம்பேறி. ஜி கெட்டால் முதலில் அதைப் பாருங்கள். இந்த மூன்றிலேயே சில நாள் மேலும் கீழும் போய் வாருங்கள், அவசரம் வேண்டாம்.

3. மேல் சி, மேல் டி: சி-க்கு 0, 2 மட்டும். பி-யிலிருந்து வரும்போது 1 எழும் அதே நொடியில் 2 விழ வேண்டும். 2 முந்திக்கொண்டால் நடுவில் ஏ எட்டிப் பார்க்கும். டி-க்கு கட்டைவிரலையும் எடுத்துவிட்டு 2 மட்டும். குழல் ஆடத்தான் செய்யும். உதடும் வலது கட்டைவிரலும் பிடித்துக்கொள்ளட்டும்.

4. கீழ் ஸ்வரங்கள்: 0 முதல் 5 வரை மூடினால் ஈ, 6 வரை டி, 7 வரை சி. இறங்க இறங்க மூச்சைக் குறையுங்கள். 6, 7 இரட்டைத் துளைகளாக இருந்தால் இரண்டும் மூட வேண்டும். அப்போதும் கத்தினால் 3-ஐப் பாருங்கள், வலது கையைத் தேடிப் போகும்போது அது நழுவியிருக்கும்.

5. எஃப்: இங்கேதான் குழப்பம். விரல் வைக்கும் முறையைப் பொறுத்து ரெக்கார்டரில் ஜெர்மன், பரோக் என்று இரண்டு வகை. ஜெர்மன் வகையில் 0 முதல் 4 வரை மூடினால் போதும். பரோக் வகையில் 5-ஐ மட்டும் விட்டு, 6, 7-ஐயும் மூட வேண்டும். ஜெர்மன் வகையை 1920-களில் பீட்டர் ஹார்லன் என்ற ஜெர்மன் இசைக்கருவித் தயாரிப்பாளர் கொண்டுவந்தார். அதில் எஃப் சுலபமாகிவிட்டது, ஆனால் எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அரைப்படி மேலே உள்ள ஸ்வரம்) சுருதி சேர்வது கடினமாகிவிட்டது. அதனால் புதிதாக வாங்குபவர்களுக்கு பரோக் என்றே சொல்வேன். கையில் இருப்பது எதுவென்று தெரியாவிட்டால் 4, 5 துளைகளை ஒப்பிடுங்கள். 5 பெரிதாக இருந்தால் பரோக், 4 பெரிதாக இருந்தால் ஜெர்மன்.