ராக், சோல் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராக், சோல் (கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த உணர்ச்சிமிக்க இசைவகை) பாடகர்களைப் பற்றி எழுதப்படும் வாழ்க்கைக் கதைகள் பலவும் அவர்கள் இறந்த நாளில்தான் தொடங்குகின்றன. எல்விஸ் பிரெஸ்லி என்றால் 1977 ஆகஸ்ட் 16, மெம்ஃபிஸ் வீட்டின் குளியலறை. சாம் குக் என்றால் 1964 டிசம்பர் 11, லாஸ் ஏஞ்சலிஸ் விடுதியில் துப்பாக்கிச் சூடு. மார்வின் கே என்றால், 45ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் பெற்ற தகப்பனே சுட்டுக் கொன்றது. படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சாவில் தொடங்கிவிட்டால், அதற்கு முந்தைய ஒவ்வொரு நாளும் அந்தச் சாவுக்கான முன்னறிவிப்பாக மாறிவிடும். பாட்டு ஓரத்துக்குப் போய்விடும். இந்த வகை எழுத்தில் மிகப் பெரிய தவறு என்று நான் நினைப்பது இதைத்தான்.

இதற்கு மாற்று என்ன என்று பார்க்க, அமெரிக்க இசைப் பத்திரிகையாளர் பீட்டர் குரால்னிக் எல்விஸின் வாழ்க்கையை எழுதிய விதத்தைப் பாருங்கள். இரண்டு பாகங்கள். 1994இல் வந்த முதல் பாகம், ராணுவத்தில் சேர்ந்த எல்விஸ் 1958இல் ஜெர்மனிக்குக் கிளம்புவதோடு நின்றுவிடுகிறது. வீழ்ச்சியின் கதை 1999இல் தனிப் பாகமாக வந்தது. அதனால் முதல் பாகத்தில் வரும் யாருக்கும் பின்னால் நடக்கப்போவது தெரியாது. 1954 ஜூலையில் மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் 19 வயது எல்விஸ், பகலில் டிரக் ஓட்டிவிட்டு வந்து, மெதுவான பாட்டுகளைப் பாடிப் பாடிப் பார்க்கிறார், ஒன்றும் அமையவில்லை. இடைவேளையில் கறுப்பினக் கலைஞர் ஆர்தர் க்ரூடப்பின் பழைய புளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் நாட்டுப்புற இசைவகை) பாட்டு ஒன்றைச் சும்மா துள்ளலாகப் பாட ஆரம்பிக்கிறார். பேஸ் வாசிக்கும் பில் பிளாக் சேர்ந்துகொள்கிறார், பிறகு கிட்டாருடன் ஸ்காட்டி மூர். டிரம்ஸ் கிடையாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஸ்டுடியோவின் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்கிறார். நீங்களும் அந்த அறைக்குள்ளேயே இருங்கள். அன்று அவர்களுக்குத் தெரியாத எதுவும் உங்கள் வாக்கியத்துக்கும் தெரிந்திருக்கக் கூடாது. 'உலக இசையையே மாற்றப்போகும் அந்த இளைஞன்' என்று எழுதியிருந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

அடுத்தது, காதுக்கு இனிமையான கதையைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்வது. எல்விஸ் முதன்முதலில் காசு கட்டிப் பாட்டுப் பதிவு செய்தது அம்மாவின் பிறந்தநாள் பரிசுக்காக என்று பலர் எழுதுகிறார்கள். அவர் பதிவு செய்தது 1953 கோடையில். அம்மா கிளாடிஸின் பிறந்தநாளோ ஏப்ரல் 25. நாட்காட்டியைப் பார்த்தாலே கதை ஆட்டம் கண்டுவிடும். சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் கதையும் இப்படித்தான்: 1962இல் கிட்டார் கலைஞர் ஜானி ஜென்கின்ஸுக்குக் காரோட்டியாக ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவுக்கு வந்தவர், மிச்சமிருந்த நேரத்தில் பாட வாய்ப்புக் கேட்டு நட்சத்திரமானார் என்பார்கள். கார் ஓட்டி வந்ததும் உண்மை, பாடியதும் உண்மை. ஆனால் அவர் அதற்கு முன்பே ஜென்கின்ஸின் குழுவில் பாடியவர், சொந்தமாக இசைத்தட்டும் வெளியிட்டவர். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் பல வருட உழைப்பு அதிர்ஷ்டக் கதையாகச் சுருங்கிவிடுகிறது. ராக் இசையின் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் ஜான்சனுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றார் என்ற கதை, முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு புளூஸ் கலைஞரைப் பற்றி அவருடைய அண்ணன் சொன்னது. ராபர்ட் ஜான்சனுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஐக் ஜிம்மர்மன் என்ற மனிதர். இருவரும் இரவில் ஆளில்லாத கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்தார்கள். பிசாசுக்குப் பெயர் கிடைத்தது, ஆசிரியர் காணாமல் போனார்.

நேரில் பார்த்தவர் சொன்னார் என்பதாலேயே ஒன்று முடிந்த உண்மையாகிவிடாது. எல்விஸின் அந்த முதல் பதிவின்போது இயந்திரத்தை இயக்கியது தான்தான் என்று ஸ்டுடியோவில் வேலை பார்த்த மேரியன் கீஸ்கர் சொன்னார். இல்லை, நான்தான் என்றார் சாம் ஃபிலிப்ஸ். இருவருமே அங்கே வேலை செய்தவர்கள். இப்படி முட்டும்போது நமக்குப் பிடித்தவர் பக்கம் சாய்ந்து மற்றவரை மறைப்பது வாசகரை ஏமாற்றுவது. இரண்டு பேர் சொன்னதையும் அவரவர் பெயரோடு எழுதுங்கள்.

வதந்தி என்றால் அதைவிடக் கவனம் வேண்டும். கறுப்பின மக்களை எல்விஸ் இழிவாகப் பேசினார் என்று 1957இல் ஒரு பேச்சு பரவியது. பாஸ்டனில் சொன்னார் என்றார்கள் சிலர். எட்வர்ட் மரோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னார் என்றார்கள் வேறு சிலர். கறுப்பின வாசகர்களுக்கான 'ஜெட்' வார இதழின் நிருபர் லூயி ராபின்சன், படப்பிடிப்புத் தளத்துக்கே போய் எல்விஸிடம் நேருக்கு நேர் கேட்டார். அவரோடு பழகிய கறுப்பினத்தவரிடமும் விசாரித்தார். எல்விஸ் அதுவரை பாஸ்டனுக்குப் போனதும் இல்லை, அந்த நிகழ்ச்சியில் தோன்றியதும் இல்லை. இதழ் அதை அப்போதே அச்சிட்டது. இத்தனைக்குப் பிறகும் அந்த வாசகம் இன்றும் மேற்கோளாகச் சுற்றுகிறது. எங்கே சொன்னார், எப்போது சொன்னார், யார் கேட்டது என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்காத மேற்கோளை எடுத்தாளவே கூடாது.

அதற்காக இனத்தின் கதையை மெழுகிவிடவும் கூடாது. எல்விஸுக்கு முதல் வெற்றியைக் கொடுத்த 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை எழுதிய க்ரூடப், ராயல்டிக்காகப் போராடியும் சேர வேண்டியது சேராமலே 1974இல் இறந்தார். இது அநியாயம், அப்படியே எழுதப்பட வேண்டும். அதே வேகத்தில், எல்விஸ் பாடிய 'ஹவுண்ட் டாக்' பாட்டையும் கறுப்பினத்தவர் எழுதிப் பறிகொடுத்த பாட்டு என்று அதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதை முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிதான். அவருக்காக அதை எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் யார், எழுதியவர் யார், காசு யாருக்குப் போனது என்று தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே சூத்திரத்தைப் போடக் கூடாது.

காசு என்றதும் ஒப்பந்தம். இசை எழுத்தாளர்கள் பலர் தாண்டிப் போகும் இடம் இது, உள்ளே போனால் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. மெம்ஃபிஸில் பழைய திரையரங்கு ஒன்றை ஸ்டுடியோவாக்கி வளர்ந்த ஸ்டாக்ஸ் நிறுவனம், 1968இல் அட்லான்டிக் நிறுவனத்திடமிருந்து பிரிய முயன்றது. அப்போதுதான் தெரிந்தது, விநியோக ஒப்பந்தத்தின்படி அதுவரை அட்லான்டிக் விநியோகித்த பதிவுகளின் மாஸ்டர் டேப்கள் (மூல ஒலிப்பதிவுகள்) எல்லாம் அட்லான்டிக்குக்குச் சொந்தம் என்று. ஸ்டாக்ஸை நிறுவிய ஜிம் ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தார். ஓடிஸ் ரெடிங்கின் பதிவுகளும் அதில் போயின. சாம் குக்கோ இதில் விழித்துக்கொண்டவர். தன் பாட்டுகளின் பதிப்புரிமைக்குச் சொந்த நிறுவனம், மற்றவர்களை வளர்க்க எஸ்.ஏ.ஆர். என்ற சொந்த லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) என்று நடத்தினார். கறுப்பினக் கலைஞர் ஒருவர் 1960களின் தொடக்கத்தில் இதைச் செய்ததைப் பற்றிப் பேசாமல், விடுதி அறையில் நடந்ததை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அவருடைய 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' பாட்டையும் சாவை முன்கூட்டி உணர்ந்து பாடியதுபோல் எழுதுகிறார்கள். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் வெள்ளையர் விடுதி ஒன்று அவருக்கு அறை தர மறுத்தது. 1964 ஜனவரியில் பாட்டு பதிவானது, மார்ச்சில் ஆல்பத்தில் வந்தது. சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, வந்தது மட்டும்தான் டிசம்பரில், அவர் இறந்த பிறகு. பதிவான தேதியையும் வெளியான தேதியையும் குழப்பினால் சமூக நீதிப் பாட்டு ஒன்று மரண ஜோசியமாகிவிடும். ஓடிஸ் ரெடிங்கின் கடைசிப் பாட்டான 'டாக் ஆஃப் த பே'க்கும் இதே கதி. அதன் அலையோசையும் கடற்பறவைச் சத்தமும் விமான விபத்தில் அவர் இறந்த பின் ஸ்டாக்ஸின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர் சேர்த்தவை.

கலைஞரே எழுதிய சுயசரிதை இருந்தால் அது போதும் என்று நினைப்பவர்கள் சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளினைப் பார்க்க வேண்டும். எழுத்தாளர் டேவிட் ரிட்ஸின் துணையோடு 1999இல் அவர் வெளியிட்ட சுயசரிதை பல வலிகளைத் தொடாமலே போனது. அதில் நிறைவடையாத ரிட்ஸ், குடும்பத்தார், உடன் பணியாற்றியவர்கள் சொன்னவற்றைக் கொண்டு 2014இல் தனியாக ஒரு வரலாறு எழுதினார்; அரீதா அதை வெளிப்படையாகவே கண்டித்தார். இரண்டையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

எழுதும்போது 1967 ஜனவரியில் அலபாமாவின் மசல் ஷோல்ஸில் நடந்த பதிவு கட்டாயம் வரும். ஒரே நாளில் சண்டையாகி அரீதாவும் கணவரும் கிளம்பிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். அதே நாளில், பாட்டை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எல்லோரும் திணறிக்கொண்டிருந்தபோது, பியானோ கலைஞர் ஸ்பூனர் ஓல்டம் வுர்லிட்சர் மின்பியானோவில் ஒரு சின்ன வாசிப்பைக் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். அரீதாவின் வாழ்க்கையே திரும்பிய அந்தப் பாட்டு, 'ஐ நெவர் லவ்ட் எ மேன்'. சண்டைக்கு நாலு வரி போதும். அந்தப் பியானோவுக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.