சிலோனில் பிறந்தவரா? எஃப்4 விசா வரிசையில் உங்கள் பத்தி எது என்று முதலில் பாருங்கள்

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். அக்கா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு 2007 பிப்ரவரியில் எனக்காக ஐ-130 மனு (உறவினரை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பம்) போட்டார். அன்று என் மகள் இரண்டாம் வகுப்பு. விசா கைக்கு வரும்போது அவள் கல்லூரியே முடித்துவிட்டாள். உடன்பிறந்தவருக்கான எஃப்4 பிரிவில் காத்திருப்பு இப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு வரியை நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் இன்னும் பல வருடம் காத்திருந்திருப்போம். மகளுக்கு விசா கிடைத்தே இருக்காது.

நீலகிரியில் எங்களைப் போன்ற குடும்பங்கள் ஏராளம். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தவர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. 1976இல் அது டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று எந்த லயனில் (தோட்டக் குடியிருப்பில்) கேட்டாலும் இலங்கையின் ஹட்டனிலோ பதுளையிலோ பிறந்த ஒருவர் இருப்பார். இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்காக.

படி 1: மூன்று விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்

மனு யார் போட வேண்டும், எந்தப் படிவம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குள் போகவில்லை. ஐ-130 ரசீதிலிருந்து பிரயாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் இடத்தைச் சொல்லும் மனுத் தேதி), மனு ஒப்புதலான தேதி, என்விசி (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) கொடுத்த கேஸ் நம்பர், இந்த மூன்றும் போதும். நேர்காணல் மும்பையில் நடக்கும் கேஸ் என்றால் நம்பர் பிஎம்பி என்று ஆரம்பிக்கும். ஒப்புதல் கடிதம் வந்ததும் "விசா வந்துருச்சு" என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அது வரிசையில் இடம் கிடைத்ததற்கான சீட்டுதான். விசா வேறு.

போனில் போட்டு வைக்காமல் நோட்டில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினைந்து வருடத்தில் நான் ஆறு போன் மாற்றிவிட்டேன். நோட்டு அதேதான்.

படி 2: விசா புல்லட்டினை நீங்களே படியுங்கள்

எந்தத் தேதிக்கு முன் போட்ட மனுக்களுக்கு முறை வந்திருக்கிறது என்று சொல்லும் இந்தப் பட்டியலை அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடுகிறது. வாட்ஸப்பில் வரும் படத்தையோ ஏஜெண்ட் சொல்லும் தேதியையோ நம்பாதீர்கள். அந்தத் துறையின் இணையதளத்திலேயே பாருங்கள், காசு கிடையாது. குடும்பப் பிரிவுக்கு அதில் இரண்டு அட்டவணை இருக்கும். முதலாவதில் உங்கள் தேதி வந்தால் விசா கொடுப்பார்கள். இரண்டாவதில் வந்தால் என்விசி காகிதம் கேட்க ஆரம்பிக்கும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்றால், எஃப்4க்கு வருடத்துக்கு 65,000 விசாதான். உலகம் முழுவதுக்கும் சேர்த்து, மனைவி பிள்ளைகளையும் உள்ளடக்கி. அதற்கு மேல், எந்த ஒரு நாடும் மொத்த விசாவில் ஏழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மனு அதிகம் குவிந்த நாடுகளுக்கு அதனால் அட்டவணையில் தனிப் பத்தி (மேலிருந்து கீழே ஒரு நிரல்), மற்ற நாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுப் பத்தி. எஃப்4இல் இந்தியாவுக்கும் தனிப் பத்தி உண்டு, அது பொதுப் பத்தியைவிடப் பின்தங்கி நிற்கும்.

2022 மார்ச் புல்லட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்4 பொதுப் பத்தியில் 2007 மார்ச். இந்தியப் பத்தியில் 2005 செப்டம்பர். என் தேதி 2007 பிப்ரவரி. நான் எப்போதும் போல இந்தியப் பத்தியில் விரலை வைத்து "இன்னும் ஒன்றரை வருஷம் தள்ளி இருக்கு" என்று நோட்டில் எழுதி மூடிவிட்டேன். அந்தப் பத்தி ஒன்றரை வருடம் நகர எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 முடியும்போதும் அது 2006லேயே நின்றது.

படி 3: நீங்கள் எந்த நாட்டுப் பத்தி? (நான் தடுக்கி விழுந்த இடம்)

பாஸ்போர்ட் எந்த நாடு, இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதையெல்லாம் இந்த வரிசை பார்ப்பதில்லை. எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்பதுதான் கணக்கு. அதை சார்ஜபிலிட்டி என்கிறார்கள். சிலோனில் பிறந்தவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இலங்கைக் கணக்கில்தான் வருவார். இலங்கைக்குத் தனிப் பத்தி இல்லாததால் அவருக்குப் பொதுப் பத்தி.

நான் பிறந்தது பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இங்கே வரும்போது ஆறு வயது. என்விசி கடிதத்தைப் பல தடவை படித்திருக்கிறேன், கீழே இருந்த ஒரு வரி மட்டும் கண்ணில் படவே இல்லை: "ஃபாரின் ஸ்டேட் சார்ஜபிலிட்டி: இந்தியா". ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போனில் அதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டேய், நீ பொறந்தது பண்டாரவளையில தானடா? நான் ஃபாரத்துல என்னத்த எழுதினேன்?" என்றார்.

எழுதியது கோத்தகிரி. 2007இல் நான் அனுப்பியிருந்த பள்ளி டிசியைப் பார்த்து அக்கா நிரப்பியிருக்கிறார். எங்களைப் பள்ளியில் சேர்க்கும்போது அம்மாவிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஊர் எது என்று கேட்டார்கள், அம்மா கோத்தகிரி என்றார். அதுவே பிறந்த ஊராகப் பதிவாகிவிட்டது. எங்கள் லயனில் என் வயதுக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் டிசியில் இதே தவறு இருக்கிறது. அதனால் இன்றே உங்கள் ஐ-130 நகலை எடுத்து, பிறந்த ஊர் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

படி 4: பிறந்த இடத்தை நிரூபிப்பது

எனக்கு உதவியது அப்பாவின் டிரங்குப் பெட்டி. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட் அதில் இருந்தது. பிள்ளைகள் பெயர் எழுதும் பக்கத்தில் நீல மையில் என் பெயர், பிறந்த தேதி, ஊர். ஓரமெல்லாம் பூஞ்சை படிந்து கறுத்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறும். பழைய காகிதங்களுக்கு லேமினேஷன் போடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிக் காகிதத்தைத் தின்றுவிடும். தகரப் பெட்டியில் வையுங்கள், வெயில் நாளில் எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

அந்தப் பாஸ்போர்ட் துணைச் சான்றுதான். இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். பிறப்பு பதிவான பிரிவின் பிரதேச செயலகத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு எண் தெரியாவிட்டால் பெயர், பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர், தோராயமான தேதி கொடுத்துப் பதிவேட்டில் தேடித் தரக் கேட்கலாம். அங்கேயே இருந்துவிட்ட சித்தப்பா மகன் எனக்காகப் போனான். 2022இல் அங்கே பெட்ரோலுக்கே நாள்கணக்கில் வரிசை. தன் ஆட்டோவை அந்த வரிசையில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து மூன்று தடவை செயலகத்துக்கு அலைந்தான். அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

சான்றிதழ் வந்ததும் இரண்டு சிக்கல். சிங்களத்தில் இருந்தது, அதனால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். "இரண்டு மொழியும் அறிவேன், மொழிபெயர்ப்பு சரியானது" என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இரண்டாவது, அதில் இருந்தது தோட்டத்தில் எனக்கு வைத்த பெயர். பள்ளியில் வைத்த பெயர் வேறு. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, அக்காவும் பெரியம்மாவும் கையெழுத்திட்டார்கள்.

ஸ்கேன் எடுக்க போன் கேமரா வேண்டாம். கறை படிந்த தாளில் நிழல் விழுந்து எழுத்து தெரியாது. இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ கண்ணாடி ஸ்கேனரில், கலரில் எடுங்கள்.

படி 5: என்விசிக்கு எழுதுவது

அவர்களுடைய இணையப் படிவத்தில் எழுதினால் போதும். நீட்டி முழக்காதீர்கள். கேஸ் நம்பர், மனுவில் பிறந்த இடம் தவறாக உள்ளது, சரியானது இலங்கை, சான்றிதழும் மொழிபெயர்ப்பும் இணைத்திருக்கிறேன், சார்ஜபிலிட்டியைத் திருத்துங்கள். அவ்வளவுதான் நான் எழுதியது. மூன்றாவது வாரம் பதில் வந்தது. இந்தியா என்று இருந்த இடத்தில் இலங்கை. கோத்தகிரியில் பிறந்த மனைவியும் மகளும் என்னோடு சேர்ந்து அதே கணக்கில் வந்தார்கள்.

படி 6: பிள்ளையின் வயதுக் கணக்கு

21 வயது தாண்டினால் பிள்ளை பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்று பயந்தே பல பேர் மனதளவில் கைவிட்டுவிடுகிறார்கள். 2002இல் வந்த சிஎஸ்பிஏ (பிள்ளைகளின் வயதுத் தகுதியைக் காக்கும் சட்டம்) படி, முதல் அட்டவணையில் உங்கள் தேதி திறக்கும் மாதத்தில் பிள்ளையின் வயதை எடுத்து, மனு ஒப்புதலுக்காக நிலுவையில் இருந்த காலத்தைக் கழிக்க வேண்டும்.

என் மகள் 1999 ஜூனில் பிறந்தவள். பொதுப் பத்தி திறந்தபோது 22 முடிந்து சில மாதம். என் மனு 2007 பிப்ரவரியிலிருந்து 2010 நவம்பர் வரை, 3 வருடம் 9 மாதம் நிலுவையில் இருந்தது. கழித்தால் 19ஐத் தொடவில்லை. இந்தியப் பத்தியிலேயே இருந்திருந்தால்? 2024 முடிவில் அவளுக்கு 25 தாண்டியிருந்தது. கழித்தாலும் 21க்கு மேல். பத்தியோ அப்போதும் திறக்கவில்லை. நாங்கள் மட்டும் போய் அவளுக்குப் புதிதாக மனு போட்டு, புதிய தேதியோடு முதலிலிருந்து நிற்க வேண்டியிருந்திருக்கும். பழைய தேதியை அவளுக்குத் தர வழியில்லை, 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அப்படித்தான் வந்தது.

தேதி திறந்து ஓராண்டுக்குள் விசாவுக்கான நடவடிக்கை எடுத்தால்தான் இந்தக் கழிவு கிடைக்கும். திருத்தம் வந்த வாரமே மூவருக்கும் டிஎஸ்-260 (இணையவழி விசா விண்ணப்பம்) அனுப்பினேன். நீங்களும் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. விசாக் கட்டணம் ஆளுக்கு 325 டாலர், ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும் என்பதால் அக்கா கட்டினார். ஐ-864 என்ற அந்த ஆதரவுப் பத்திரத்துக்கு அக்கா, மச்சான் வருமானம் போதுமானதாக இருந்தது. நேர்காணல் மும்பையில். பழைய கண்டிப் பாஸ்போர்ட்டை அதிகாரி வாங்கி, அந்த நீல மைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் வந்த கேள்விகளுக்காக

பந்தலூர் சகோதரி ஒருவர் கேட்டிருந்தார்: "நான் பிறந்தது பந்தலூர், அண்ணன் எனக்காக மனு போட்டிருக்கிறார். என் கணவர் பிறந்தது ஹட்டன். எனக்குப் பலன் உண்டா?" உண்டு. கணவர் பிறந்த நாட்டின் கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இருவரும் சேர்ந்தே விசா வாங்க வேண்டும், அவர் பிறகு வருகிறேன் என்றால் நடக்காது. திருமணப் பதிவுச் சான்றிதழும் அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் தேவை. இதை நான் முதலில் எழுதாமல் விட்டது தவறு. எங்கள் பக்கத்தில் இப்படிக் கலந்த தம்பதிகள்தான் அதிகம்.

நிறையப் பேர் கேட்டது: "அப்பா அம்மா சிலோனில் பிறந்தவர்கள், நான் இங்கே பிறந்தேன். மனு என் பெயரில் இருக்கிறது." வருத்தத்தோடு சொல்கிறேன், இதற்குப் பலன் இல்லை. பெற்றோரின் விசாவோடு சேர்ந்து போகும் பிள்ளைக்குத்தான் பெற்றோரின் கணக்கு கிடைக்கும்.

மனு போட்ட அண்ணன் இறந்துவிட்டார் என்று குன்னூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மனு தானாக ரத்தாகும். ஆனால் அவர் இறக்கும் முன்பே ஒப்புதல் ஆகியிருந்தால், மனிதாபிமான அடிப்படையில் மீட்டுத் தரும்படி குடியேற்றத் துறைக்கு எழுதலாம். அங்கே இருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவர் ஆதரவுப் பத்திரம் தர முன்வர வேண்டும். இது அவர்கள் விருப்பம், உரிமை கிடையாது. இதற்கு மட்டும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்னொன்று: பிள்ளைக்கு 21க்குள் என்று கணக்கு வந்தாலும், விசா கைக்கு வந்து அமெரிக்காவில் கால் வைக்கும் வரை திருமணம் ஆகக் கூடாது. நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம், பதிவு வேண்டாம். சம்பந்தி வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம், எட்டு மாதம் காத்திருந்தார்கள்.