சென்னையில மெட்ரோ ரயில் பக்கத்துல வீடு பாக்கப்போற கடலூர் மக்களுக்கு

மஞ்சக்குப்பத்துலேர்ந்து என் தங்கச்சி பையனுக்கு சென்னை ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) வேலை கெடச்சு வீடு தேடி அலஞ்சப்போ கத்துக்கிட்டத சொல்றேன். மொதல்ல ஓடுற லைன் எது, கட்டிக்கிட்டு இருக்குற லைன் எதுன்னு பிரிச்சுப் பாருங்க. 2015 ஜூன்ல கோயம்பேடு-ஆலந்தூர்னு ஆரம்பிச்ச முதல் கட்டத்துல ஒரு லைன் இன்னைக்கு ஏர்போர்ட்டுலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் போவுது. ஓஎம்ஆர் வழியா மாதவரத்துலேர்ந்து சிறுசேரி சிப்காட் போறது ரெண்டாம் கட்டத்துல ஒரு லைன். தூண் நின்னாலே ஓனர் ரயில் வந்துட்ட மாதிரி வாடகை சொல்லுவாரு, ரயில் ஓடாம அந்தக் காசக் குடுக்காதீங்க.

வீட்ட ராத்திரி ஒருதடவ போய்ப் பாருங்க, இது ரொம்ப முக்கியம், நாங்க பாத்த வீட்டுல பகல்ல ஒண்ணும் தெரியல, ராத்திரி பத்து மணிக்கு மெட்ரோ வேலை மெஷின் ஓடுனப்போ ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுச்சு, செவுத்துல விரிசல மூடப் புதுசா பட்டி பூசுன கோடு வேற. விரிசல் இருந்தா போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க.

ஸ்டேஷன் பக்கம்னு சொன்னா நடந்து பாருங்க, தகர தடுப்ப சுத்திப் போனா அஞ்சு நிமிஷம் இருபது ஆயிடும். ஊருக்கு வந்துட்டு சென்னைக்குத் திரும்புறதையும் யோசிங்க, திண்டிவனம் வழியா போற பஸ் சென்னைக்கு வெளிய கிளாம்பாக்கத்துலயே எறக்கிடும், திருப்பாதிரிப்புலியூர்ல ரயில் ஏறுனா எழும்பூர்ல எறங்கி நேரா மெட்ரோ புடிச்சிடலாம்.