முகவரியில் நின்றுபோன மருத்துவக் கஞ்சா அட்டை

கீமோவுக்குப் பிறகு கணவருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டல். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மருத்துவக் கஞ்சாவுக்கு 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குத் தகுதியான நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. ஆனால் அட்டைக்கான நோயாளிப் பதிவு ஏறவே இல்லை. பெயரும் முகவரியும் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே இருக்க வேண்டுமாம். நாங்களோ வீடு மாறியிருந்தோம். போக்குவரத்துத் துறையில் முகவரியை மாற்றினேன், அப்புறம் பதிவு ஏறியது. மருத்துவர் சான்று தந்ததும் 50 டாலர் கட்டினோம். அட்டை தபாலில் வந்தது.

மருத்துவக் கஞ்சா விற்கும் கடையில் மருந்தாளுநரிடம் அவசியம் பேசுங்கள். கணவருடைய மாத்திரைகளையெல்லாம் பார்த்துவிட்டு, நாக்கின் அடியில் விடும் சொட்டு மருந்தை மிகக் குறைவாகத் தொடங்கச் சொன்னார். இப்போது இரண்டு இட்லி இறங்குகிறது.

குடியுரிமை இல்லாதவர்கள் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் வேறு. குடியுரிமை மனுவையே பாதிக்கலாம்.