ஸ்பேஸ் சேனல் 5: காதால் ஆட வேண்டிய நடன ஆட்டம்

ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய தாள ஆட்டம் ஒன்றைத் தேடுவோருக்கு, சேகா நிறுவனம் டிரீம்காஸ்ட் என்னும் வீடியோ கேம் கருவிக்காக 1999 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட ‘ஸ்பேஸ் சேனல் 5’ ஆட்டத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கதை நடக்கும் ஆண்டு 2499. மோரோலியர் என்னும் வேற்றுக்கிரகவாசிகள் மனிதர்களைப் பிடித்துவைத்து ஆடச்செய்ய, விண்வெளித் தொலைக்காட்சியின் நிருபரான உலாலா அவர்களை எதிர்த்து நடனமாடியே மக்களை மீட்கிறாள். மொத்தம் நான்கு பகுதிகள்தான். ஆனால் ஆடும் முறை தெரியாமல் தொடங்குபவர்கள் முதல் பகுதியிலேயே சலித்துப்போய் விலகிவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதில் அம்புக்குறிகள் திரையில் வழிந்து வருவதில்லை. எதிரே நிற்பவர்கள் மேலே, கீழே, இடது, வலது, ‘சூ’ என்று தாளத்தோடு சொல்லி ஆடிக்காட்டுவார்கள். அவர்கள் முடித்ததும் அதே வரிசையை, அதே இடைவெளிகளோடு, நாம் பட்டன்களில் திருப்பித் தர வேண்டும். ‘சூ’ என்பது சுடுவதற்கான சொல். வேற்றுக்கிரகவாசிகளைச் சுட ஏ பட்டனும், பிணைக்கைதிகளை விடுவிக்க பி பட்டனும் உள்ளன. ஆகவே எந்தச் சொல், எந்த நேரம் என்பதோடு, அந்தச் சொல் வரும்போது எதிரே நிற்பது யார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

கண்ணை நம்பிச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்வதால்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வரிசை சரியாக இருந்தும் நேரம் பிசகினால் அந்த அடி கணக்கில் சேராது. எனவே எதிரே நிற்பவர்கள் சொல்லும்போதே நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள், காலால் தாளம் போடுங்கள், உங்கள் முறை வந்ததும் தாளத்தை நிறுத்தாமல் அதே குரலோடு பட்டனை அழுத்துங்கள். முந்திக்கொள்வதுதான் இங்கே பெரிய ஆபத்து. குறிப்பாக அடுத்தடுத்து மூன்று ‘சூ’ வரும் இடத்தில் விரல் பதற்றத்தில் ஓடிவிடும். ஒரு வரிசையில் தடுமாறினால் விட்டதைப் பிடிக்க முயலாமல், அடுத்த அழைப்பைக் கேட்கத் தயாராகுங்கள்.

பழைய குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்தில் உருவான ஆட்டம் இது என்பதால், இன்றைய தட்டைத் திரைகள் படத்தைச் செம்மைப்படுத்த எடுத்துக்கொள்ளும் சிறு தாமதம்கூட நேரத்தைக் குலைத்துவிடும். தொலைக்காட்சியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைத் தேர்ந்தெடுங்கள். ஒலியைத் தாமதித்துத் தரும் புளூடூத் ஹெட்செட்டைத் தவிர்த்து, கம்பியுள்ள ஹெட்செட்டைப் பயன்படுத்துங்கள். தாளம் தமக்கு வராது என்று நினைத்துக்கொள்பவர்கள் இதை முதலில் சரிசெய்துவிட்டு மீண்டும் ஆடிப் பார்க்க வேண்டும்.

மீட்கப்பட்டவர்கள் உலாலாவின் பின்னால் சேர்ந்து ஆடிக்கொண்டே வருவார்கள், அவளுடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பார்வையாளர் விகிதமும் ஏறும். அந்த ஊர்வலம் நீள்வதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே, எதிரிகளைத் தவறவிட்டாலும் கைதிகளைத் தவறவிடாதீர்கள் என்பேன்.